பெட்டியில் ‘1’ என்றிருப்பதை ஆறாவதாகப் படியுங்கள்: நார்னியா ஏழு புத்தகப் பெட்டி

ஞாயிறு பள்ளிப் பரிசு, திடப்படுத்தல் பரிசு, டிசம்பர் விடுமுறைக்குப் பிள்ளைகள் கையில் கொடுக்க ஒன்று. இப்படி எதற்காக வாங்கினாலும் நார்னியா என்ற மாய உலகத்தைப் பற்றி சி.எஸ். லூயிஸ் எழுதிய சிறுவர் கதைகள் ஏழும் அடங்கிய பேப்பர்பேக் பெட்டி காசுக்குக் குறைவில்லாத பொருள். தயங்காமல் வாங்கலாம். ஆனால் புத்தகங்களின் முதுகில் அச்சிட்டிருக்கும் 1, 2, 3 என்ற வரிசையை நம்பிப் படிக்கத் தொடங்காதீர்கள். அந்த எண்கள் இந்தக் கதைகளின் உயிர்நாடியையே தளர்த்திவிடுகின்றன.

லூயிஸ் எழுதி வெளியிட்ட வரிசை வேறு. ‘தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்’ 1950-ல் வந்தது. பிறகு ஆண்டுக்கு ஒன்றாக ‘பிரின்ஸ் காஸ்பியன்’, ‘தி வாயேஜ் ஆஃப் தி டான் ட்ரெடர்’, ‘தி சில்வர் சேர்’, ‘தி ஹார்ஸ் அண்ட் ஹிஸ் பாய்’, ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’ என்று வந்து, 1956-ல் ‘தி லாஸ்ட் பேட்டில்’ உடன் முடிந்தது. கடைசிப் புத்தகத்துக்குத்தான் சிறுவர் நூலுக்கான கார்னகி பதக்கம் கிடைத்தது. 1994-ல் ஹார்ப்பர்காலின்ஸ் புதிய பதிப்பு கொண்டுவந்தபோது, நார்னியா உலகத்துக்குள் எது முன்னே நடந்ததோ அதை முன்னே வைத்து எண்ணிட்டார்கள். அதனால் ஆறாவதாக வந்த ‘நெஃப்யூ’ முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டது. முதலில் வந்த ‘வார்ட்ரோப்’ இரண்டாவதாகிவிட்டது.

இந்த மாற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, 1957-ல் ஓர் அமெரிக்கச் சிறுவனுக்கு லூயிஸ் எழுதிய பதில். காலவரிசைப்படி படிக்கலாம் என்ற அந்தச் சிறுவனின் யோசனை தனக்கும் சரியாகப் படுவதாக அவர் எழுதியது உண்மை. ஆனால் தொடராக எதையும் திட்டமிடவில்லை, எந்த வரிசையில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இராது என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. ஒரு பிள்ளையின் மனம் நோகாமல் எழுதிய கடிதத்தை விடப் புத்தகத்துக்குள் இருக்கும் வரிகள்தான் வலுவான சாட்சி. ‘வார்ட்ரோப்’ ஏழாம் அத்தியாயத்தில், அலமாரி வழியே நார்னியாவுக்குள் போன பீட்டர், சூசன், எட்மண்ட், லூசி என்ற நான்கு பிள்ளைகளின் காதில் அஸ்லான் என்ற சிங்கத்தின் பெயர் முதன்முதலாக விழுகிறது. அங்கே கதைசொல்லி, உங்களைப் போலவே அந்தப் பிள்ளைகளுக்கும் அஸ்லான் யாரென்று தெரியாது என்கிறார். ‘நெஃப்யூ’ முதலில் படித்த பிள்ளைக்கு இது பொய்யாகிவிடும். அஸ்லான் பாடிப் பாடி அந்த உலகத்தையே படைத்ததை அது ஏற்கெனவே பார்த்துவிட்டதே! பனிக்காட்டின் நடுவே ஒற்றைத் தெருவிளக்கு ஏன் எரிகிறது, அலமாரிக்குள் எப்படி ஒரு காடு, அந்த வயதான பேராசிரியர் ஏன் லூசி சொல்வதை நம்புகிறார் என்ற மூன்று கேள்விகளும் பிள்ளையின் மனதில் எழும் முன்பே விடையாகிப்போகும்.

ஆகவே பெட்டி எண்ணின்படி சொன்னால் 2, 4, 5, 6, 3, 1, 7 என்று படியுங்கள். ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டிவிட்டால் போதும். பிள்ளை தானாக எடுத்துப் படிக்கும்போதும் தவறாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. முதலில், முழுப் புத்தகம்தானா என்று பாருங்கள். சினிமாப் படம் போட்ட அட்டையோடு சுருக்கப் பதிப்புகளும் சந்தையில் உண்டு. ‘வார்ட்ரோப்’ முழுமையானதென்றால் 17 அத்தியாயம் இருக்க வேண்டும். ஏழு புத்தகமும் சேர்த்து 110. அடுத்தது படங்கள். பாலின் பேய்ன்ஸ் வரைந்த கோட்டோவியங்கள் இல்லாமல் நார்னியா பாதிதான். டோல்கீனின் ‘ஃபார்மர் கைல்ஸ் ஆஃப் ஹாம்’ நூலுக்கு அவர் வரைந்ததைப் பார்த்துத்தான் லூயிஸுக்கு அவரைப் பிடித்துப்போனது. கைக்கடக்கமான சில மலிவுப் பதிப்புகளில் அத்தியாயத் தலைப்புக்கு மேலே வரும் சிறு படம் மட்டும் இருக்கும்; நடுவில் வரும் படங்களும் வரைபடமும் போயிருக்கும். ‘டான் ட்ரெடர்’ கடல் பயணக் கதை. வரைபடம் இல்லாமல் அதைப் படிப்பது வீண் சிரமம். லூயிஸின் நூற்றாண்டான 1998-க்காகப் பேய்ன்ஸ் தம் படங்களுக்குத் தாமே வண்ணம் தீட்டினார். அந்த வண்ணப் பதிப்பு கிடைத்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தே வாங்கலாம்.

சிங்கப்பூர் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பழைய புத்தகக் கடைகளில் தேடுகிறவர்கள் ஓநாய்த் தலைவனின் பெயரைப் பாருங்கள். மாக்ரிம் என்றிருந்தால் பிரிட்டிஷ் பாடம். ஃபென்ரிஸ் உல்ஃப் என்றிருந்தால் அமெரிக்கப் பதிப்புக்காக லூயிஸ் மாற்றிய பாடம். 1994-க்கு முன் அச்சானது என்று கொள்ளலாம். அந்தப் பழைய அமெரிக்கப் பதிப்பில் ‘டான் ட்ரெடர்’ பன்னிரண்டாம் அத்தியாயத்தின் முடிவும் வேறு. இருள் தீவை விட்டு வந்த பிறகு அந்தப் பயத்தை வெறும் கனவென்று சிரித்துத் தள்ளிவிட முடியாதபடி அவர் திருத்தியிருக்கிறார். எனக்கு அந்தத் திருத்தமே மேலானதாகப் படுகிறது. அதோடு, பழைய அமெரிக்கப் பெட்டிகளில் எண்கள் வெளியீட்டு வரிசையிலேயே இருக்கும்.

ஏழையும் ஒன்றாகக் கட்டிய ஒரே தடிப் புத்தகமும் உண்டு. 750 பக்கத்துக்கு மேல், ஒரு கிலோவை ஒட்டிய கனம். படுக்கையில் சாய்ந்தபடி பிள்ளைக்கு வாசித்துக் காட்ட முடியாது. நடுப்பக்கத்தில் முதுகு மடங்கி, பசை விட்டுப்போகும். நம் ஊரின் 80 விழுக்காட்டை ஒட்டிய ஈரப்பதத்தில் மலிவுத்தாள் சீக்கிரம் பழுப்பேறும், பசை இளகும். தனித்தனிப் புத்தகம் என்றால் கெட்டுப்போன ஒன்றை மட்டும் மாற்றலாம். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், அலமாரியில் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்றை வைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைப்பதுதான் பூஞ்சைக் கறைக்கு வழி. வெளிநாட்டிலிருந்து இணையம் வழி தருவித்தால் விலையோடு 9% பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

காசு செலவழிக்கும் முன் சோதித்துப் பார்க்க நூலகம் இருக்கிறது. இரவல் தவணை 21 நாள். இரவுக்கு ஓர் அத்தியாயம் வாசித்தால் 17 அத்தியாயமுள்ள ‘வார்ட்ரோப்’ தவணைக்குள் முடிந்து நான்கு நாள் மிச்சம் இருக்கும். மற்ற ஆறில் எதுவும் 16 அத்தியாயத்தைத் தாண்டாது. ஆனால் வேறொருவர் முன்பதிவு செய்திருந்தால் தவணையை நீட்டிக்க முடியாது. ஆகவே தொடங்கிய புத்தகத்தை நடுவில் விட்டுவைக்காதீர்கள்.

இனி வாசிக்கும் விதம். சிங்கப்பூர்த் தமிழ் வீடுகளில் பிள்ளைக்கு ஆங்கிலம் சரளம். ஆச்சிக்கும் தாத்தாவுக்கும் தமிழ் வேதாகமம் மனப்பாடம். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் வாசித்து, அதைத் தமிழில் சொல்லிக் காட்ட வேண்டிவரும். அங்கேதான் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் சிங்கமானாலும் அரசனானாலும் கடவுளானாலும் ஒரே சுட்டுச்சொல். தமிழில் சிங்கம் ‘அது’, அரசன் ‘அவர்’, ஜெபத்தில் ‘நீர்’. அஸ்லானை ‘அது’ என்று சொன்னால் கதை சரிந்துவிடும். ‘தேவரீர்’, ‘உம்முடைய’ என்று ஆரம்பித்தாலோ முதல் நாளே மர்மம் உடைந்துவிடும், பிள்ளை “ஓ, இயேசுவா?” என்று கேட்டுவிட்டுக் கொட்டாவி விடும். ஒரு பெரியவரைப் பற்றிப் பேசுவதுபோல் சொல்லுங்கள். “அஸ்லான் புறப்பட்டுட்டாராம்” என்று கதையில் வரும் பேசும் விலங்கான பீவர் குசுகுசுக்கட்டும். நேரில் பேசும்போது “நீங்க” போதும்.

அந்தப் பீவர் வீட்டில் நடக்கும் பேச்சுக்குத் தமிழில் அருமையான ஒரு சொல் இருக்கிறது. சிங்கம் என்றதும் சூசன் பயந்து, ஆபத்தில்லாதவரா என்று கேட்கிறாள். “சாதுவா?” என்று கேட்க வையுங்கள். பீவரின் பதிலின் சாரம், சாதுவெல்லாம் இல்லை, ஆனால் நல்லவர் என்பதுதான். சாது என்றால் நல்லவன் என்றே பழகிய நம் காதுக்கு இந்த இரண்டும் பிரிந்து நிற்பது சுருக்கென்று தைக்கும். லூயிஸ் சொல்ல வந்ததும் அதுவே. பரிசுத்தம் என்பது பயமற்ற வசதி அன்று.

எட்மண்டை மயக்கச் சூனியக்காரி கொடுக்கும் துருக்கி மிட்டாய் பிள்ளைகளுக்குப் புரியாத இன்னொன்று. ஒரு மிட்டாய்க்காகவா அண்ணனையும் அக்கா தங்கையையும் காட்டிக்கொடுப்பான் என்று கேட்பார்கள். போர்க்காலப் பிரிட்டனில் இனிப்பு பங்கீட்டில்தான் கிடைத்தது. அந்தக் கட்டுப்பாடு நீங்கியது 1953-ல். 1950-ல் இதைப் படித்த பிள்ளைக்கு வாயூறியிருக்கும் என்று சொல்லுங்கள். பாட்டி ஊர் தூத்துக்குடிப் பக்கமென்றால் முதலூர் மஸ்கோத் அல்வாவைக் காட்டினாலே போதும். பண்டம் வேறுதான், ஆனாலும் அந்த வழுவழுப்பும் கையில் ஒட்டும் இனிப்பும் விளக்கத்தை விட நன்றாக வேலை செய்யும்.

பதினான்காம், பதினைந்தாம் அத்தியாயங்களை ஒரே இரவில் வாசியுங்கள். நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் ஆகும், பரவாயில்லை. பதினான்கில், எட்மண்டின் துரோகத்துக்கு ஈடாகத் தன்னையே கொடுத்த அஸ்லானின் பிடரியைச் சூனியக்காரியின் கூட்டத்தார் சிரைத்து, கட்டி, ஏளனம் செய்து, கல்மேசையின்மேல் கொல்கிறார்கள். அங்கே நிறுத்திவிட்டு விளக்கை அணைத்தால் சிறு பிள்ளை தூங்காது. பதினைந்தில் சுண்டெலிகள் வந்து கயிற்றைக் கடிக்கின்றன, கிழக்கு வெளுக்கிறது, கல்மேசை இரண்டாகப் பிளக்கிறது. கேட்டுக்கொண்டிருக்கும் ஆச்சிக்குத் தேவாலயத்தின் திரைச்சீலை மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும் கிழிந்தது நினைவுக்கு வரும். நியாயப்பிரமாணம் எழுதிய கற்பலகைகளும் வரும். விடியலில் காத்திருக்கும் இரண்டு பெண்பிள்ளைகளைப் பார்த்ததும் கல்லறைக்குப் போன ஸ்திரீகளும் வருவார்கள். சூனியக்காரிக்குக் காலத்தின் தொடக்கம் வரை மட்டுமே தெரியும், அதற்கும் முந்திய ஒன்று இருந்தது அவளுக்குத் தெரியவில்லை என்று அஸ்லான் விளக்கும் இடத்தில் ‘உலகத்தோற்றத்திற்கு முன்னே’ என்ற பேதுருவின் சொற்றொடர் தானாகவே நாக்கில் வரும். வரட்டும். நீங்களாக எடுத்துப் பாடம் நடத்தாதீர்கள்.

ஏன் இந்த வற்புறுத்தல் என்றால், லூயிஸ் வேலை செய்த முறையே அப்படி. குடையும் பொட்டலங்களுமாகப் பனியில் நடக்கும் ஃபான் என்ற பாதி மனித, பாதி ஆட்டு உருவத்தின் சித்திரம் பதினாறு வயதிலிருந்து அவர் மனதில் இருந்தது. கதை அங்கிருந்து பிறந்தது. சிங்கம் பின்னால்தான் பாய்ந்து வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். பக்தி உணர வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே சிறுவயதில் தன் உணர்வு உறைந்துபோனது, ஞாயிறு பள்ளி வாடையில்லாமல் அதே சங்கதிகளைக் கற்பனை உலகத்தில் வைத்தால் காவல் நிற்கும் டிராகன்களைத் தாண்டிப் போய்விடலாமே என்பது 1956-ல் அவர் எழுதிய கட்டுரையின் வாதம். இது உருவகக் கதையும் அல்ல. இப்படியொரு உலகம் இருந்து, அங்கே கிறிஸ்து வந்தால் எப்படி வருவார் என்ற ‘வைத்துக்கொள்வோம்’ மட்டுமே என்று 1958-ல் ஒரு கடிதத்தில் பிரித்துச் சொன்னார். உருவகம் என்றால் இதற்கு இது என்று அட்டவணை போடலாம். இங்கே போட்டால் பொருந்தாமல் இடிக்கும். அஸ்லான் செத்துக் கிடப்பது எட்மண்ட் ஒருவனுக்காக, உலகத்துக்காக அல்ல.

அட்டவணை இல்லாமலே அர்த்தம் எப்படி இறங்குகிறது என்று பார்க்க ‘டான் ட்ரெடர்’ ஏழாம் அத்தியாயத்தை எடுங்கள். பேராசையால் டிராகனாகிவிட்ட யூஸ்டஸ் தன் தோலைத் தானே உரிக்கிறான். உரிந்து வருகிறது, கீழே இன்னொரு தோல். மறுபடி உரிக்கிறான், மறுபடி தோல். மூன்று முறை. கடைசியில் சிங்கம் தன் நகத்தால் கிழிக்கிறது. இருதயம் வரைக்கும் போனதுபோல் வலிக்கிறது. பிறகு தண்ணீரில் தூக்கிப் போடுகிறது. ஞானஸ்நானம் என்ற சொல் எங்குமே இல்லை. ஆனால் சொந்த முயற்சியில் திருந்தப் பார்த்துத் தோற்ற எவருக்கும் அந்த மூன்று தோலும் தெரியும். அதே புத்தகத்தின் கடைசியில் புல்வெளியில் ஓர் ஆட்டுக்குட்டி, தணலில் மீன், காலை உணவுக்கு அழைப்பு. யோவான் 21-ல் கரிநெருப்பின்மேல் மீனோடு “வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்” என்ற குரலைக் கேட்டவர்கள் இங்கே வாசிப்பை நிறுத்திக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பது நல்லது. ‘நீர்’ என்று சொல்ல இதுதான் சரியான இடம்.

பதின்ம வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு என் பரிந்துரை ‘தி சில்வர் சேர்’ பன்னிரண்டாம் அத்தியாயம். பூமிக்கடியில் பச்சை ராணி மண்டலின் போன்ற வாத்தியத்தை மீட்டி, மணப்பொடி தூவி, சூரியன் என்பது விளக்கைப் பார்த்துக் கட்டிய கதை, சிங்கம் என்பது பூனையைப் பெரிதாக்கிய கனவு என்று இதமாகப் பேசிப் பேசி அங்கே வந்த பிள்ளைகளையும் அவர்களோடு இருப்பவர்களையும் மயக்குகிறாள். பட்ல்கிளம் என்ற சோக மூஞ்சி மட்டும் வெறுங்காலால் நெருப்பை மிதிக்கிறான். கருகிய வாடையில் மயக்கம் கலைகிறது. நாங்கள் கற்பனையே செய்தோம் என்று வைத்தாலும் உன் நிஜ உலகத்தை விட எங்கள் கற்பனை மேலாக இருக்கிறதே, நான் அதன் பக்கமே நிற்கிறேன் என்கிறான். கடவுள் என்பது மனித ஆசையின் நிழல்தான் என்று கல்லூரியில் கேட்டுவரும் பிள்ளைக்கு நீண்ட விவாதத்தை விட இந்த நான்கு பக்கம் உதவும்.

ஏழு ஏன் என்பதற்கு லூயிஸ் ஆய்வாளர் மைக்கேல் வார்ட் 2008-ல் வைத்த விளக்கம் நமக்கு எளிதில் பிடிபடும். இடைக்கால ஐரோப்பியர் கண்ட ஏழு கிரகங்களின் குணம் ஏழு கதைகளுக்குள் ஊடுருவியிருக்கிறது என்கிறார் அவர். கிழமையையே கிரகப் பெயரால் சொல்லும் நமக்கு வரிசை விரல் நுனியில்: ‘வார்ட்ரோப்’ வியாழன், ‘காஸ்பியன்’ செவ்வாய், ‘டான் ட்ரெடர்’ ஞாயிறு, ‘சில்வர் சேர்’ திங்கள், ‘ஹார்ஸ்’ புதன், ‘நெஃப்யூ’ வெள்ளி, ‘லாஸ்ட் பேட்டில்’ சனி. குரு பார்க்கக் கோடி நன்மை என்பார்கள். குளிர்காலம் கழிந்து குற்றம் மன்னிக்கப்படும் கதைக்கு வியாழன் கச்சிதம். இது ஜாதகம் அல்ல, லூயிஸ் நேசித்த இடைக்காலக் கவிதையின் அலங்காரம். சபையில் யாராவது சங்கடப்பட்டால் அதைச் சொல்லிவிடுங்கள். எல்லா ஆய்வாளரும் இதை ஏற்கவில்லை. எனக்கும் ‘வார்ட்ரோப்’, ‘காஸ்பியன்’, ‘டான் ட்ரெடர்’, ‘லாஸ்ட் பேட்டில்’ போல மற்றவை அத்தனை இறுக்கமாகப் பொருந்துவதாகத் தெரியவில்லை.

குறைகளை மறைக்கக் கூடாது. ‘ஹார்ஸ்’, ‘லாஸ்ட் பேட்டில்’ இரண்டிலும் வரும் கலோர்மன் என்ற நாட்டு மக்கள் கறுத்த நிறம், தலைப்பாகை, பூண்டு வாடை என்று சித்திரிக்கப்படுகிறார்கள். கடைசிப் புத்தகத்தில் குள்ளர்கள் அவர்களுடைய நிறத்தைச் சொல்லியே ஏசுகிறார்கள். கலோர்மன் மக்கள் கும்பிடும் டாஷ் என்ற தெய்வத்துக்குப் பறவைத் தலை, நான்கு கை. மாமா வீட்டில் பூஜையறையும் நம் வீட்டில் சிலுவையும் இருக்கும் ஊரில், நிறத்துக்காகப் பள்ளியில் கேலி கேட்டிருக்கக்கூடிய நம் பிள்ளை இதைத் தனியாகப் படிக்க விடாதீர்கள். கூட இருந்து படித்து, இது எழுதியவரின் காலத்துக் கோணல் என்று நேராகச் சொல்லுங்கள். கலோர்மன் பெண் அராவிஸ்தான் ‘ஹார்ஸ்’ கதையின் துணிச்சல்காரி. டாஷை உண்மையோடு தேடிய எமத் என்ற வீரனை அஸ்லான் ஏற்றுக்கொள்கிறார். அந்தப் பெயருக்கு எபிரெயத்தில் சத்தியம் என்று பொருள். எமத் பகுதியை ஏற்க மாட்டாத போதகர்களும் உண்டு. அதனால் வாசிப்புக் குழுவில் நல்ல விவாதம் எழும். உதட்டுச்சாயமும் நைலானுமாகச் சூசன் நார்னியாவை விட்டு விலகிப்போனாள் என்று ஒரு பத்தியில் முடித்துவிடுவது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அவள் திருந்தி வர இன்னும் காலம் இருக்கிறது என்று 1957-ல் ஒரு கடிதத்தில் லூயிஸ் எழுதியதை வாசிக்கும் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். ‘லாஸ்ட் பேட்டில்’ ரயில் விபத்தில் முடிகிறது. பத்து வயதுக்குக் கீழே வேண்டாம்.

கண் களைத்தவர்களுக்கு முழு ஒலிநூல்கள் உண்டு. ‘வார்ட்ரோப்’ மைக்கேல் யார்க் குரலில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடும். பேட்ரிக் ஸ்டூவர்ட் வாசித்த ‘லாஸ்ட் பேட்டில்’ ஏழிலும் சிறந்தது.

சபை வாசிப்புக் குழு நடத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. லூயிஸ் இறந்தது 22 நவம்பர் 1963. ஆசிரியர் மறைந்து 70 ஆண்டு என்ற சிங்கப்பூர்ச் சட்டப்படி 2033 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. கனடாவில் 2013 முடிவிலேயே முடிந்துவிட்டதால் இலவசப் பிரதிகள் இணையத்தில் உலவுகின்றன. அவற்றை இங்கே அச்செடுத்து வினியோகிக்க முடியாது. கிறிஸ்துமஸ் நாடகமாக மேடையேற்றவும், தமிழில் பெயர்த்து வெளியிடவும் உரிமையாளர் அனுமதி வேண்டும். அனுமதி தேவைப்படாத நூல்கள்தான் வேண்டுமென்றால், லூயிஸின் கற்பனைக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஜார்ஜ் மெக்டொனால்ட் 1905-லேயே மறைந்தவர். ‘தி பிரின்சஸ் அண்ட் தி காப்ளின்’ (1872) குழுவாக வாசிக்க மிகப் பொருத்தம். செஸ்டர்ட்டன் மறைந்தது 1936-ல். அவருடைய ஃபாதர் பிரவுன் துப்பறியும் கதைகளை ஒன்றொன்றாகத் தமிழில் பெயர்த்துச் சபை மலரில் போடத் தடையேதும் இல்லை. ‘தி ப்ளூ க்ராஸ்’ கதையில் தொடங்கலாம். ஒரே அமர்வில் முடிந்துவிடும்.